மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்குப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழு ஆண்டுத் தேர்வு முடியும் நேரம் வந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்துவிடும். சித்தப்பா மகன், பழைய அலுவலக நண்பர், மாடி வீட்டு அக்கா என்று யார் கூப்பிட்டாலும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். முதுமலைக்கு எப்போது போகலாம், ஆனைமலையின் டாப்சிலிப்பில் தங்க இடம் கிடைக்குமா, மூணாறில் வரையாடு தெரியுமா? பல வருடங்களாக இந்தக் காடுகளுக்குப் போய்வருகிறேன். அவர்களுக்குச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் தொட்டுக்கொள்ளும் மலைகளைப் பற்றி மட்டும்தான் இது: முதுமலை, பண்டிப்பூர், நீலகிரி, ஆனைமலை, பரம்பிக்குளம், இரவிகுளம். கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் அவற்றைத் தொடவில்லை.

கேள்வி: நான்கு நாள் விடுமுறை இருக்கிறது. ஊட்டி, முதுமலை, பண்டிப்பூர், வயநாடு எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?

வரைபடத்தைப் பார்த்தால் முடியும் என்றுதான் தோன்றும். எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் பக்கத்தில் இருப்பதற்குக் காரணமே அவை ஒரே காடு என்பதுதான். மாநில எல்லை நமக்குத்தான். முதுமலையில் தண்ணீர் குடித்த யானை அடுத்த வாரம் பண்டிப்பூரில் மேயும், கோடையில் கபினி நீர்த்தேக்கக் கரைக்குப் போய்விடும். இந்தப் பரப்பு முழுவதையும் சேர்த்துத்தான் 1986-இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள். 5,520 சதுர கிலோமீட்டர், இந்தியாவில் முதலாவது. இதற்குள் மூன்று பெயர்ப் பலகைகளைத் தொட்டுவிட்டு வருவதால், ஒரே காட்டை மூன்று முறை கார் ஜன்னல் வழியாகப் பார்த்ததாகத்தான் ஆகும்.

முதல் முறை குடும்பத்தோடு போனபோது நாங்கள் அப்படித்தான் ஓடினோம். இரண்டு நாளில் மூன்று மாநிலம். திரும்பி வந்த பிறகு என் மகளிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "செக்போஸ்ட்" என்றாள். அந்தப் பதில் என்னை ரொம்ப நாள் வருத்தியது. அடுத்த முறை முதுமலையை ஒட்டிய மசினகுடியில் மூன்று இரவு தங்கினோம், வேறு எங்கும் போகவில்லை. முதல் நாள் புள்ளிமானும் மயிலும்தான். மூன்றாம் நாள் காலையில், சாலையிலிருந்து ஐம்பதடி தூரத்தில், ஏழு செந்நாய்கள் ஒரு ஓடைக்கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அவளுக்கு இப்போது கல்லூரி வயது, இன்னும் அதைச் சொல்கிறாள்.

அதனால் நான்கு நாள் என்றால் ஒரு காடு, ஒரு மலை. இரண்டு இரவு கீழே முதுமலைப் பக்கம், ஒரு இரவு மேலே ஊட்டி அல்லது குன்னூர். அல்லது டாப்சிலிப் ஒரு நாள், வால்பாறை இரண்டு நாள். இதற்கு மேல் சேர்க்காதீர்கள்.

கேள்வி: எந்த மாதம் நல்லது?

நம் விடுமுறைக்கும் காட்டின் பருவத்துக்கும் ஒத்துப்போவதில்லை. அதைத் தெரிந்துகொண்டு தேதியைக் குறித்தால் பாதி வேலை முடிந்தது.

முதுமலையும் பண்டிப்பூரும் பெரும்பாலும் இலையுதிர் காடுகள். ஜனவரியிலிருந்து இலை கொட்ட ஆரம்பிக்கும். பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் மொட்டையாக நிற்கும், புல் காய்ந்துவிடும், விலங்குகள் தண்ணீர் தேடிக் குட்டைகளுக்கு வரும். கண்ணுக்கு நிறையத் தெரியும் காலம் இதுதான். ஆனால் காட்டுத்தீயின் காலமும் இதுதான். 2019 பிப்ரவரியில் பண்டிப்பூரில் பிடித்த தீ ஆயிரக்கணக்கான ஏக்கரை எரித்தது. அதனால் வறட்சி கடுமையாக இருக்கும் வருடங்களில் சஃபாரியையே சில வாரங்கள் நிறுத்திவிடுவார்கள். இந்த மாதங்களில் போவதாக இருந்தால், திறந்திருக்கிறதா என்று கேட்காமல் கிளம்பாதீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மலர்க் கண்காட்சி, நெரிசல், அறை வாடகை எல்லாம் உச்சத்தில் இருக்கும். கோடை மழை பெய்துவிட்டால் கீழே காடு மட்டும் ஒரே வாரத்தில் பச்சையாகிவிடும். மே கடைசியில் முதுமலை அத்தனை அழகு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. வால்பாறை, கூடலூர், வயநாடு, மூணாறு எல்லாம் நனைந்துகொண்டே இருக்கும். மழை பிடித்தவர்களுக்கு இது சொர்க்கம், நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் எச்சரிக்கை வந்தால் பயணத்தை ரத்து செய்யத் தயங்கவே கூடாது. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் மண்ணோடு போயின. அறைக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. இது மலையின் கிழக்குச் சரிவைத் தாக்கும். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் மண் சரியும், மலை ரயிலைச் சில நாள் நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் கோத்தகிரி வழியைக் கையில் வைத்திருங்கள்.

டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி வரை என் தேர்வு. வானம் தெளிந்திருக்கும், காட்டில் இன்னும் பச்சை இருக்கும். ஊட்டிக்குப் பக்கத்தில் தலைக்குந்தா புல்வெளியில் விடிகாலையில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரையுள்ள நெரிசல் நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: இ-பாஸ் என்கிறார்களே, அது யாருக்கு?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளில் போகிறவர்கள் இணையத்தில் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்திலோ ரயிலிலோ போனால் இ-பாஸ் தேவையில்லை. நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிகளுக்கும் விலக்கு உண்டு.

பலருக்கு இது தொந்தரவாகத் தெரிகிறது. கோடையில் ஊட்டிக்குள் மூன்று மணி நேரம் நகராமல் நின்றிருக்கிறேன், அந்த ஊர்க்காரர் ஒருவர் ஆம்புலன்ஸுக்கு வழி கிடைக்காமல் பரிதவித்ததையும் பார்த்திருக்கிறேன். வரம்பு வேண்டும் என்பதுதான் என் எண்ணம். நீங்கள் செய்ய வேண்டியது, தேதி முடிவானதும் பாஸை எடுத்து, கைபேசியில் படமாகச் சேமித்துக்கொள்வது. மலை ஏற ஆரம்பித்த பிறகு சிக்னல் கிடைக்கும் என்று நம்பாதீர்கள்.

கேள்வி: சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் மூன்றும் ஒன்றுதானா?

சட்டப்படி வேறு வேறு. ஆனால் ஒரே காட்டின் மேல் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் இருக்கலாம். முதுமலை 1940-இல் சரணாலயமானது, பிறகு அதன் ஒரு பகுதி தேசியப் பூங்கா, 2007-இல் மொத்தமும் புலிகள் காப்பகம். பயணிக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: காப்பகத்தின் மையப் பகுதிக்குள் சொந்த வண்டியில் சுற்ற முடியாது, நடக்கவும் முடியாது. ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் முக்குர்த்தி தேசியப் பூங்காவில் வழக்கமான சுற்றுலாவே கிடையாது. யாராவது "உள்ளே கூட்டிட்டுப் போறேன்" என்றால் போகாதீர்கள்.

கேள்வி: சஃபாரிக்கு எப்படிப் பதிவு செய்வது? காலையா, மாலையா?

முதுமலைக்கு வனத்துறையின் இணையதளத்திலும் தெப்பக்காடு வரவேற்பு மையத்திலும் பதியலாம். பண்டிப்பூருக்குக் கர்நாடக வனத்துறை வழியாகப் பதிய வேண்டும். டாப்சிலிப்பிலும் பரம்பிக்குளத்திலும் வனத்துறை வண்டிகள் உண்டு. வார இறுதியில் நேரில் போய் வரிசையில் நின்றால் கிடைக்காமல் போகும் வாய்ப்பு அதிகம்.

காலையின் முதல் சஃபாரியைப் பிடியுங்கள். இரவு முழுக்க நடமாடிய விலங்குகள் ஒதுங்குவதற்கு முந்தைய நேரம் அது. காய்ந்த மாதங்களில் மாலையும் நல்லது, வெயில் தாழத் தாழத் தண்ணீருக்கு வரும். எப்போது போனாலும் முதல் வேலையாகச் செய்ய வேண்டியது வாயை மூடிக்கொண்டிருப்பது. கூண்டு வண்டியில் முப்பது பேர் ஒரே நேரத்தில் "எங்கே எங்கே" என்று கத்தினால் கடமான் கூட நிற்காது. ஓட்டுநரின் காதும் கண்ணும் நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மையானவை. குரங்கு ஒரு மாதிரி கத்தினால், மான் திடீரென்று கூவினால் அவர் வண்டியை நிறுத்துவார். அந்த நேரத்தில் பேச்சு வேண்டாம்.

மசினகுடியில் சிலர் "நைட் சஃபாரி" என்று ஜீப்பில் ஏற்றிக்கொள்வார்கள். அது சட்டவிரோதம். நாங்கள் ஒருமுறை விவரம் புரியாமல் சரி என்று சொல்லிவிட்டோம். புதருக்குள் விளக்கை அடித்து, தூங்கிக்கொண்டிருந்த மான்களைக் கலைத்து, குட்டியோடு நின்ற யானையின் முகத்துக்கு நேராக வெளிச்சம் போட்டார் அந்த ஓட்டுநர். அது மிரண்டு பிளிறியபடி குட்டியை வயிற்றுக்கு அடியில் இழுத்துக்கொண்டது. பணம் கொடுத்து அதைச் செய்ய வைத்தவர்கள் நாங்கள்தான். எங்களை மாதிரி நீங்களும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொன்று: முன்பதிவு இருந்தாலும் சஃபாரி நின்றுபோகலாம். 2025 நவம்பரில் பண்டிப்பூரிலும் நாகரஹொளெயிலும் புலி தாக்கி மக்கள் இறந்ததைத் தொடர்ந்து, வனத்துறை ஊழியர்கள் எல்லோரும் ஊர்ப்பக்கம் தேவைப்பட்டார்கள், சஃபாரியை நிறுத்தினார்கள். அப்படி நடந்தால் காட்டோரத்து விவசாயியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பயணத்தின் மொத்த மகிழ்ச்சியையும் ஒரு சஃபாரியின் மேல் வைத்துவிடக் கூடாது.

கேள்வி: புலியைக் கட்டாயம் பார்க்க முடியுமா?

கட்டாயம் என்று யாராலும் சொல்ல முடியாது. 2022 கணக்கெடுப்பில் முதுமலையில் 114 புலிகள் என்று கண்டார்கள். காப்பகத்தின் பரப்பு ஏறக்குறைய 688 சதுர கிலோமீட்டர். புதரும் புல்லும் நிறைந்த அந்தப் பரப்பில், மனித வாடை பட்டாலே ஒதுங்கும் மிருகம் அது. நான் முதுமலையில் முதல் புலியைப் பார்க்க ஒன்பது வருடம் ஆனது. அதுவும் ஒரு வாலும் பின்னங்காலும்தான்.

புலிக்காக மட்டும் போகிறவர்கள் எதைத் தவறவிடுகிறார்கள் என்று சொல்லட்டுமா? மாயாற்றுப் பள்ளத்தாக்கின் மேல் வட்டமிடும் பாறுக் கழுகுகள். ஒரு காலத்தில் நம் ஊர்களெங்கும் இருந்தவை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் உடல் வழியாக இவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இனத்தையே ஏறக்குறைய முடித்துவிட்டது. கால்நடைக்கு அந்த மருந்தை 2006-இல் தடை செய்தார்கள். தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டும் கடைசிப் பெரிய இடம் மாயாறு. மேலே பார்த்தால் போதும். டிக்கெட் கிடையாது, வரிசை கிடையாது.

அப்புறம் மலையணில். பூனை அளவு இருக்கும், வால் மட்டும் ஒரு முழம். தெப்பக்காட்டில் ஆற்றோர மரங்களின் கீழே பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் போதும். காட்டெருது, கடமான், கரும்பருந்து, மரங்கொத்தி. பிள்ளைகள் கையில் பைனாகுலரும் ஒரு நோட்டும் கொடுங்கள். பார்த்ததை எழுதி வைக்கச் சொல்லுங்கள். புலி வராத நாளிலும் நோட்டில் இருபது வரி இருக்கும்.

கேள்வி: சாலையில் யானை நின்றால் என்ன செய்வது?

இதற்கு மட்டும் பதிலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், ஓட்டுநருக்கும் சொல்லிவிடுங்கள்.

தூரத்திலேயே நிறுத்துங்கள். ஐம்பது மீட்டராவது இருக்கட்டும், அதற்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. ஹாரன் அடிக்காதீர்கள். இன்ஜினை முறுக்கிச் சத்தம் எழுப்பாதீர்கள். முகப்பு விளக்கை அடித்து அடித்து அணைக்காதீர்கள். யாரும் இறங்கக் கூடாது, கதவைக் கூடத் திறக்கக் கூடாது. பின்னால் வண்டி நெருங்கி வந்தால் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லுங்கள், ஏனென்றால் பின்வாங்க உங்களுக்கு இடம் வேண்டும். கூட்டம் சாலையைக் கடந்துவிட்டது என்று தெரிந்தாலும் இரண்டு நிமிடம் பொறுங்கள். குட்டி ஒன்று பின்தங்கி வரும், அதற்காகத் தாய் திரும்பி வரும். நடுவில் நம் வண்டி இருந்தால் அதுதான் ஆபத்து.

காதை வீசிக்கொண்டு புல் பிடுங்கித் தின்கிற யானை நிம்மதியாக இருக்கிறது. காதை விரித்து அசையாமல் வைத்து, தலையைத் தூக்கி நம்மையே பார்த்தால் அதற்குக் கோபம் வருகிறது என்று அர்த்தம். மெதுவாகப் பின்னால் எடுத்துவிடுங்கள். ஒற்றை ஆண் யானையிடம் இன்னும் கவனம். மதம் பிடித்த யானைக்குக் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே எண்ணெய் வழிந்தது போல் கறை இருக்கும்.

செல்ஃபி எடுக்க இறங்கி உயிரை விட்டவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துக்கொண்டே இருக்கிறோம். வாழைப்பழமோ கரும்போ எறிவதும் அதே அளவு கேடுதான். ஒருமுறை வண்டியிலிருந்து சாப்பாடு கிடைத்த யானை அடுத்த வண்டியையும் மறிக்கும். முடிவில் "தொந்தரவு செய்யும் யானை" என்று பெயர் வாங்கி, பிடித்துக்கொண்டு போகப்படுவது அதுதான். குரங்குக்கும் இதே கதைதான். காட்டுச் சாலையில் வண்டியை ஓரம் கட்டிச் சாப்பிடுவதற்கும் படம் பிடிப்பதற்கும் அபராதம் உண்டு, வனத்துறைக்காரர்கள் அதை வசூலிக்கும்போது வாதாடாதீர்கள்.

கேள்வி: இரவில் கிளம்பினால் விடியும்போது போய்ச் சேர்ந்துவிடலாமே?

முடியாது. பண்டிப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து இல்லை. ஆம்புலன்ஸுக்கும் சில பேருந்துகளுக்கும் மட்டும் அனுமதி. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும் பாதையிலும் 2022 முதல் இரவுக் கட்டுப்பாடு உண்டு. மைசூரிலிருந்து வருகிறவர்கள் குண்டல்பேட்டையை ஏழரை மணிக்குள் தாண்டும்படி கணக்குப் போடுங்கள். இந்தத் தடை வருவதற்கு முன் எத்தனை மான்கள், சிறுத்தைகள் லாரியில் அடிபட்டன என்பதைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் அந்த ஊர்களில் இருக்கிறார்கள்.

கேள்வி: மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கமில்லை. சொந்தக் காரில் போகலாமா?

போகலாம், பகலில், அவசரமில்லாமல். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும், நியூட்ரலில் விடுவது தற்கொலைக்குச் சமம். ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி. வளைவில் ஹாரன் அடியுங்கள், முந்தாதீர்கள்.

ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்குவது குறுக்கு வழி, 36 கொண்டை ஊசி வளைவுகள், மிகச் செங்குத்து. அங்கே வெளியூர் வண்டிகள் தொடர்ந்து உருண்டதால், 2018-இல் நடந்த ஒரு பெரிய விபத்துக்குப் பிறகு அவற்றை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. கூகுள் வரைபடம் அந்தப் பாதையைக் காட்டினாலும் கூடலூர் சுற்றித்தான் வர வேண்டும். ஒரு மணி நேரம் கூடுதலாகும், அதைத் திட்டத்தில் சேருங்கள். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறை ஏறுவது 40 வளைவுகள், ஆனால் சாலை அகலம். பின் சீட்டில் உட்காருகிறவர்கள் வயிறு முட்டச் சாப்பிடாமல் இருந்தால் போதும். இஞ்சி மரப்பா கையில் இருக்கட்டும்.

கேள்வி: மலையேற்றம் போக ஆசை. நாங்களே குழுவாகப் போகலாமா?

2018 மார்ச் 11-ஐ மறக்க முடியாது. தேனி மாவட்டம் குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல்லில் தீ ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்காது. அதற்குப் பிறகு விதிகள் இறுகின. அனுமதியில்லாமல் வனத்துக்குள் நடப்பது குற்றம்.

இப்போது நல்ல வழி ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு "ட்ரெக் தமிழ்நாடு" என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், இணையத்திலேயே பதிவு, எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். கூட வருகிற வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலையில் பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞர்கள். எந்தத் தழையைத் தின்னலாம், எந்தச் சாணம் இன்று காலை விழுந்தது என்று அவர்கள் சொல்லிக்கொண்டே வருவதைக் கேட்பதற்காகவே போகலாம். முதல் முறை என்றால் கோத்தகிரி லாங்வுட் சோலை அல்லது ஊட்டி கெய்ர்ன் ஹில். ஓரளவு நடந்து பழகியவர்களுக்கு டாப்சிலிப்–பண்டாரவரை. அதே குரங்கணியிலும் சாம்பலாறு வரை ஒரு பாதை உண்டு. தீக்காலமான பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை பாதைகளை மூடிவிடுவார்கள்.

கேரளத்தின் அகஸ்தியர்கூடம் சிகரத்துக்கு (1,868 மீட்டர்) ஜனவரியில் தொடங்கும் குறுகிய பருவத்துக்கு மட்டும் அனுமதி. பதிவு திறந்ததும் இடங்கள் தீர்ந்துவிடும்.

கேள்வி: வரையாட்டை எங்கே பார்க்கலாம்? குறிஞ்சி எப்போது பூக்கும்?

மூணாறுக்குப் பக்கத்தில் இரவிகுளம் தேசியப் பூங்கா. 97 சதுர கிலோமீட்டர், ஆனைமுடி சிகரமும் (2,695 மீட்டர்) அதற்குள்தான். ராஜமலை வரை வனத்துறைப் பேருந்தில் போய், மேலே கொஞ்ச தூரம் நடந்தால் வரையாடுகள் சாலை ஓரத்திலேயே மேயும். குட்டி போடும் காலம் என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடுவார்கள்.

மூணாறு வரை போக முடியாதவர்களுக்கு: ஆழியாறு–வால்பாறை சாலையில் ஒன்பதாம் வளைவில் ஒரு காட்சிமுனை இருக்கிறது. பாறைச் சரிவை நிதானமாகப் பாருங்கள். நம் மாநில விலங்கு அது, 2024-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் 1,031 இருந்தன. செங்குத்துப் பாறையில் அது நிற்கிற விதத்தைப் பார்த்தால் "வரை" என்ற சொல்லுக்கு மலை என்று பொருள் வைத்துப் பெயரிட்டவர்கள் மேல் மரியாதை வரும்.

நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை. 2006, 2018, அடுத்த பெரும் பூப்பு 2030. இடைப்பட்ட வருடங்களில் அங்கங்கே வேறு குறிஞ்சி வகைகள் பூக்கும். பறிக்காதீர்கள், விதைக்கு அடுத்த வாய்ப்பு வருவதற்குள் நம் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

கேள்வி: எங்கே தங்குவது?

வனத்துறை விடுதி கிடைத்தால் அதுதான். வசதி குறைவு, சாப்பாடு எளிமை, ஆனால் ஜன்னலைத் திறந்தால் காடு. தனியார் விடுதி என்றால் யானை வழித்தடத்தில் கட்டியதா என்று விசாரியுங்கள். மசினகுடிப் பக்கம் சீகூர் பீடபூமியின் யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இரவில் பாட்டுப் போட்டுக் கேம்ப்ஃபயர் கொளுத்தும் இடங்களுக்குப் போக வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

பச்சை, பழுப்பு, சாம்பல் நிறத் துணி. சென்ட் வேண்டாம். டிசம்பரில் காலை சஃபாரிக்குக் குல்லா, கம்பளி கட்டாயம். மழைக்காலத்தில் வால்பாறைப் பக்கம் அட்டை கடிக்கும்: முழங்கால் வரை இழுக்கும் அட்டை சாக்ஸ், அல்லது சாக்ஸின் மேல் புகையிலைத் தூளோ உப்போ. கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், உப்பு வைத்தால் விழுந்துவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்படத் தேவையில்லை. கோடையில் அட்டை கிடையாது, உண்ணி உண்டு. அறைக்கு வந்ததும் உடம்பைச் சோதித்துக் குளியுங்கள். வயநாட்டுப் பக்கம் உண்ணி மூலம் குரங்குக் காய்ச்சல் பரவும், திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் சோதனைச் சாவடியிலேயே வாங்கிவிடுவார்கள். எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் ரொக்கப் பணமும் வைத்திருங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபே வேலை செய்யாது.

கேள்வி: வயதான அப்பா அம்மா, கைக்குழந்தை எல்லோரும் வருகிறார்கள். சரிப்படுமா?

தாராளமாக. மலையேற்றம் வேண்டாம், ஜீப்பின் குலுக்கலும் வேண்டாம், பெரிய வண்டி சஃபாரி போதும். தெப்பக்காடு யானை முகாமில் காலையிலும் மாலையிலும் யானைகளுக்குக் கேழ்வரகும் கொள்ளும் கலந்த உருண்டைகளை ஊட்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் வயதுக்கும் உடம்புக்கும் ஏற்ற அளவு பலகையில் எழுதியிருக்கும். பாகன்கள் பலர் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையில் இருக்கும் பழங்குடிக் குடும்பத்தினர். என் அம்மாவுக்கு 74 வயதில் அதைக் காட்டினேன். "வீட்டுப் பிள்ளைக்கு ஊட்டுற மாதிரி இருக்கே" என்று அந்தத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி யானை போகும் வரை நின்றார்.

கேள்வி: ஒரே ஒரு இடம் சொல்லுங்கள் என்றால்?

வால்பாறை. பெரிய ஈர்ப்பு மையம் எதுவும் இல்லாததால் சொல்கிறேன். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு மிஞ்சியிருக்கிறது. புதுத்தோட்டம் பக்கம் சாலை ஓரத்திலேயே சிங்கவால் குரங்குகள் கூட்டமாக வரும். இந்த மலைத்தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை அவை. வண்டியை மெதுவாக விடுங்கள், அவை சாலையைக் கடக்கும். அதிகாலையில் இருவாச்சிப் பறவை தலைக்கு மேலே பறந்தால் சிறகுச் சத்தம் ஏதோ இயந்திரம் மூச்சு விடுவது போல் கேட்கும்.

அந்த ஊரில் என்னை அதிகம் தொட்டது இன்னொன்று. யானைகள் தேயிலைத் தோட்டம் வழியாகத்தான் ஒரு காட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகின்றன. இருட்டில் எதிரே வந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்கள் அங்கேயே தங்கி, யானை எங்கே நிற்கிறது என்பதைத் தொழிலாளர்களின் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார்கள். முக்கியமான சந்திப்புகளில் சிவப்பு விளக்குக் கம்பங்கள் வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் யானை இருந்தால் தோட்டத்து ஆட்களே கைபேசி மூலம் அதை எரியவிடுவார்கள். ஒரு மாலை நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா அந்த விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு வெளிய போக வேண்டாங்க, அவங்க தண்ணிக்கு வந்திருக்காங்க" என்றார். வாசல் கதவைச் சாத்திவிட்டு எங்களுக்குக் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். கீழே ஓடையில் தண்ணீர் கலங்கும் சத்தம் ஒன்பது மணி வரை கேட்டுக்கொண்டே இருந்தது.